ஹெஸ்டர் டாக்ரேயின் வெள்ளிக்கிழமை

ஸ்கெல்டேல் தொகுதியின் எம்.பி. மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது, கட்சித் தலைமை லண்டனிலிருந்து இரண்டு வக்கீல்களையும் ஓய்வுபெற்ற ஒரு கர்னலையும் எங்களுக்கு அனுப்பிவைத்தது. மூவரில் ஒருவரை வேட்பாளராகப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நான் அப்போது கட்சியின் தொகுதி முகவர். யார் நின்றாலும் அவருக்குத் தேர்தல் வேலை பார்ப்பது என் பிழைப்பு. வக்கீல்கள் இருவரும் எங்கள் மலைப்பக்கப் பேச்சு புரியாமல் விழித்தார்கள். கர்னலோ எங்கள் ஆர்ன்ஸ்பி ஊர்ச் சந்தைக்கு வந்து, ஒரு கிடாவின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "இது எத்தனை குட்டி போடும்?" என்று கேட்டார். அதோடு அவர் கதை முடிந்தது.

தொகுதிக் கட்சியின் தலைவர் ஆமோஸ் டாக்ரே, ஐந்நூறு ஆடுகளுக்குச் சொந்தக்காரர். அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு தன் தம்பி மனைவி ஹெஸ்டரைப் பார்க்கப் போனார்.

ஹெஸ்டர் டாக்ரே ஆர்ன்ஸ்பி சந்தையில் ஆடுமாடு ஏலம் விடுகிறவர். அவருடைய அப்பா நடத்திய ஏலக்கூடம் அது. கல்யாணமாகிப் பண்ணைக்குப் போனவர், கணவர் ஜாஸ் இறந்த பிறகு திரும்பி வந்து அப்பாவின் மேடையில் ஏறிவிட்டார். ஒரு பெண் ஏலம் விடுவதா என்று முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் குரல் கடைசி வரிசைவரைக்கும் கணீரென்று கேட்டது. தொப்பியைத் தொட்டு விலை கேட்பவர், புருவத்தை மட்டும் அசைப்பவர், ஒருவரும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. இரண்டாம் வாரம் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏ ஹெஸ்டர், உனக்கு லண்டன்ல ஒரு வேலை பாத்திருக்கேன்," என்றார் ஆமோஸ், அடுப்படிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"எனக்கு இங்கயே வேலை இருக்கே."

"எம்.பி. வேலை. கம்பளி விலை, ஆட்டுக்கு மானியம், மலைப்பாதை ரிப்பேர். இதப் பத்தி சத்தமாப் பேசணும். அவ்வளவுதான்."

"சத்தமாப் பேசுவேன். ஆனா எனக்குத் தோணினதத்தான் பேசுவேன் ஆமோஸ். பின்னால வந்து குத்தம் சொல்லக் கூடாது."

"பேசேன், யாரு வேணாங்கறா? அங்க அறுநூறு பேரு ஒரே நேரத்துல கத்திக்கிட்டு இருக்கான். நீ பேசறது யாரு காதுல விழப்போவுது!"

இடைத்தேர்தலில் ஹெஸ்டர் ஜெயித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினாறு வருடம் ஆகியிருந்த சமயம் அது. முதல் வருடம் ஆமோஸ் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கம்பளி விலையைப் பற்றிப் பேசினார். மூடப்படவிருந்த எங்கள் ரயில் பாதையைப் பற்றி அமைச்சரை விடாமல் கேள்வி கேட்டு, இரண்டு வருடத் தவணை வாங்கிவந்தார். ஆமோஸ் சந்தையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அடுத்த வருடம் ஹெஸ்டர் தன் மசோதாவை எடுத்தார்.

ஜாஸ் எப்படி இறந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். மழை விட்ட ஒரு மார்ச் காலை, ஆடுகளுக்குத் தீவனம் ஏற்றிக்கொண்டு ஈரச் சரிவில் போன டிராக்டர் பக்கவாட்டில் உருண்டு அவர்மேல் விழுந்தது. அதைத் தூக்க ஆட்கள் வந்து சேரும்வரை ஹெஸ்டர் சேற்றில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜாஸுக்குக் கடைசிவரை நினைவு இருந்தது, பேச்சும் இருந்தது. என்ன பேசினார் என்று ஹெஸ்டர் யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எங்கள் மலைகளில் அப்படிப் போனவர் ஜாஸ் ஒருவர் மட்டுமல்ல. வசந்தம் வந்தால் ஏதாவதொரு பண்ணையில் கதவடைத்து, துக்கத்துக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருப்பார்கள்.

ஓட்டுபவரின் தலைக்கு மேலே உறுதியான இரும்புச் சட்டகம் ஒன்று பொருத்தியிருந்தால், டிராக்டர் கவிழ்ந்தாலும் ஆள் நசுங்க மாட்டார். ஸ்வீடன்காரர்கள் அதைச் சட்டமாகவே ஆக்கியிருந்தார்கள். புது டிராக்டர், பழைய டிராக்டர் எல்லாவற்றிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பதுதான் ஹெஸ்டரின் மசோதா. அதில் மொத்தமே ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது.

சாதாரண எம்.பி. கொண்டுவரும் மசோதாவுக்கு நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வருடத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். முதலில் வருகிற சிலருக்கு ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்கும். மற்றவர்களின் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பெயரை மட்டும் வாசிப்பார்கள். எதிர்ப்பு இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகும். யாராவது ஒருவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்த ஒருவர் சர் லயனல் கார்ஃபோர்த். எதிர் வரிசை மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒடிசலான கிழவர். ஹெஸ்டரின் மசோதா பெயரை வாசித்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஆட்சேபம்!" என்றார். அடுத்த மாதமும் சொன்னார். அதற்கடுத்த மாதமும் சொன்னார்.

ஹெஸ்டர் அவரைத் தேநீர் அறையில் பிடித்தார். வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கிழவர் கடிக்கப்போகிற நேரம்.

"சர் லயனல், டிராக்டர் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"டிராக்டரா? உங்க மசோதாவ நான் படிக்கவே இல்லையே, மிசஸ் டாக்ரே."

"படிக்காமலா ஆட்சேபம் சொல்றீங்க?"

"அதனாலதான் சொல்றேன். யாரும் படிக்கல. ஒரு வார்த்தை விவாதம் கிடையாது. பேர வாசிச்சதும் சட்டமாயிடணுமா? எது வந்தாலும் ஆட்சேபம்தான். என் மச்சான் மசோதாவுக்கும் சொன்னேன். கிறிஸ்மஸுக்கு அவங்க வீட்ல இப்போ என்னக் கூப்பிடறதில்ல."

"விவாதம் நடந்தா?"

"உக்காந்து முழுசாக் கேப்பேன். அப்புறம் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். புதுச் சட்டம்னாலே எனக்கு ஆகாது."

ஹெஸ்டர் இதை என்னிடம் சொன்னபோது கோபத்தோடு சொல்லவில்லை. "அந்த ஆள்கிட்ட பொய் இல்ல, வில்ஃப்," என்றார். "அது ஒரு வசதி. அவர் எங்க நிக்கிறாருன்னு தெரியுது."

ஊரில் இருந்த எதிர்ப்பு அப்படி வசதியாக இல்லை. சட்டகம் பொருத்தச் செலவாகும். அதைவிட, இதுநாள்வரை டிராக்டர் ஓட்டியவர்களுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்வது போலிருந்தது அவர்களுக்கு. கூண்டுக்குள் உட்காரச் சொல்கிறாள், நாங்கள் என்ன கிளியா என்று சாராயக் கடையில் பேசிக்கொண்டார்கள். ஆர்ன்ஸ்பி விவசாயிகள் மண்டபத்தில் கூட்டம் போட்டு அவரை வரவழைத்தார்கள். நிற்க இடமில்லை. ஈரக் கோட்டுகளின் வாடை மண்டபம் முழுக்க.

ஆமோஸ்தான் எழுந்தார். "முப்பது வருஷமா சரிவுல வண்டி ஓட்டறேன். ஒரு தடவை சாஞ்சது உண்டா? ஓட்டத் தெரிஞ்சவனுக்குக் கூண்டு எதுக்கு?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியும், ஆமோஸ். யாரு இல்லன்னா?"

"அப்ப எங்க எல்லாரையும் ஏன் படுத்தற? ஜாஸ் என் தம்பி. எனக்கு மட்டும் வலிக்கலயா? ஆனா உள்ளதச் சொல்லணும். அவன் அவசரக்காரன்."

மண்டபத்தில் ஒருவர் இருமினார். ஹெஸ்டர் மேடையின் விளிம்புக்கு வந்தார்.

"அவசரக்காரர்தான். பூட்ஸ் கயித்தக்கூட ஒழுங்காக் கட்ட மாட்டார். நான்தான் வாசல்வரைக்கும் கத்திக்கிட்டே போவேன். அவசரக்காரனாப் பொறந்தா சாகணுமா? இங்க இருக்கறதுல யாரு அவசரக்காரன் இல்ல? மழை வரப்போவுது, அறுத்த புல்லு வெளில கிடக்குன்னா, நீங்க என்ன நடந்தா போறீங்க?"

பின்வரிசையில் ஓரிருவர் சிரித்தார்கள். ஆமோஸ் சிரிக்கவில்லை.

"இத விடு ஹெஸ்டர். விடலன்னா அடுத்த தேர்தல்ல உனக்குச் சீட்டு கிடையாது. உன்னக் கொண்டுவந்தவனே நான்தான்."

"தெரியும். மறக்கல. அதுக்குள்ள முடிச்சிடப் பாக்கறேன்."

நான்காவது வருடக் குலுக்கலில் அவர் பெயர் இரண்டாவதாக வந்தது. ஒரு முழு வெள்ளிக்கிழமை கிடைத்துவிட்டது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். எதிர்ப்பவர் எவராவது எழுந்து நான்கு மணிவரை பேசிக்கொண்டே இருந்தால் மசோதா செத்துப்போகும். பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்கு விட வேண்டுமானால் நூறு உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாக வாக்களிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் லண்டனில் நூறு எம்.பி.யா? வியாழன் இரவு ரயிலிலேயே பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஹெஸ்டர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாக் கட்சிக்காரர்களும் தங்கள் தொகுதியில் நிதி திரட்டச் சந்தை போடுவார்கள். கேக்கும் பூ ஜாடியும் கைப்பின்னல் தொப்பியும் ஏலத்துக்கு வரும். ஏலம் விடுவது பெரும்பாலும் பாதிரியார். வாய்க்குள்ளேயே முனகுவார், பாதி விலைகூடத் தேறாது. ஹெஸ்டர் ஒவ்வொரு எம்.பி.யாகப் பார்த்து, "உங்க ஊருக்கு வந்து நான் ஏலம் விட்டுத் தர்றேன். பதிலுக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வேணும்," என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் ரயிலேறினார். சில நாள் நானும் கூடப் போனேன். நெசவாலை ஊரில் ஒரு பழக் கேக்கை வைத்து ஒரு மருந்துக்கடைக்காரரையும் ஒரு பல் மருத்துவரையும் மோதவிட்டு, அந்தக் கேக்கின் சொந்தக்காரியே வாயைப் பிளக்கும் விலைக்கு விற்றதைப் பார்த்தேன். எங்கள் கட்சி, எதிர்க்கட்சி என்று வேறுபாடு பார்க்கவில்லை. எங்கள் கொறடாவுக்குச் செய்தி போய்விட்டது. நடைபாதையில் வழிமறித்தார்.

"எதிர்க்கட்சிக்காரன் ஊர்ல போய் அவனுக்குக் காசு சேத்துக் குடுத்தீங்களாமே? இது எங்கயாவது அடுக்குமா?"

"எதிர்க்கட்சிக்காரன் தொகுதியிலயும் டிராக்டர் கவிழுதே. நீங்க வெள்ளிக்கிழமை இருப்பீங்கல்ல?"

"நானா?"

"உங்க ஊர்ச் சந்தை ஈஸ்டருக்கு முன்னாடிதானே? நாள் சொல்லுங்க, வர்றேன்."

கொறடா முகத்தைச் சுளித்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஆனால் இரண்டு நாள் கழித்து அவர் செயலாளர் தேதி சொல்லி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். ஹெஸ்டர் இருபது நிமிடத்துக்குமேல் பேசவில்லை. ஜாஸைப் பற்றி ஒரே வாக்கியம்தான் சொன்னார். "இப்படி ஒரு சாவை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், இன்னொரு பெண் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் இங்கே நிற்கிறேன்." பிறகு இரும்பின் கனம், பொருத்துகிற முறை, பழைய வண்டிகளுக்கான கால அவகாசம் என்று காரியத்துக்கு வந்துவிட்டார். சர் லயனல் மூலையில் கன்னத்தில் கைவைத்து, சொன்னபடியே முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு ஹ்யூகோ பெல்லமி எழுந்தார். எங்கள் கட்சிதான். வழுவழுவென்று பேசுகிற இளைஞர், டிராக்டர் கம்பெனி முதலாளிகளோடு சிநேகம். ரோமானியர்களின் கலப்பையில் ஆரம்பித்தார். குதிரை ஏர், எருது ஏர், நீராவி எஞ்சின் என்று வந்தார். டிராக்டரின் உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக வாசித்து, "இதற்கும் சட்டம் வேண்டுமா என்று உறுப்பினர் யோசித்தாரா?" என்று கேட்டார். அவரிடம் மேலும் ஒரு கட்டுக் காகிதம் மிச்சமிருந்தது. கடிகாரம் மூன்றைத் தாண்டியது. தன் பாட்டனாரின் தோட்டத்தில் முள்ளெலிகள் வாழ்ந்த விதத்தை விவரிக்கத் தொடங்கினார்.

"சபாநாயகர் அவர்களே!" சர் லயனல் எழுந்துவிட்டார். முகம் சிவந்து போயிருந்தது. "விவாதத்துக்காக நான் பதினெட்டு வருஷமா இந்த மூலையில உக்காந்திருக்கேன். இது விவாதமா? முள்ளெலிக்கும் மசோதாவுக்கும் என்ன சம்பந்தம்?"

சபையில் சிரிப்பு வெடித்தது. சபாநாயகர் இருவரையும் அடக்கினார். பெல்லமி முள்ளெலியை விட்டுவிட்டு முயலுக்குப் போனார்.

நான்கு மணி ஆகச் சிறிது நேரம் இருக்கும்போது ஹெஸ்டர் எழுந்து, விவாதம் போதும், வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று கோரினார். மணி அடித்தது. நூலகத்திலிருந்தும் சாப்பாட்டு அறையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மேலிருந்து தலைகளை எண்ண முயன்று தோற்றுப்போனேன். ஆதரிப்பவர்கள் ஒரு வாசல் வழியாகவும் எதிர்ப்பவர்கள் மற்றொன்றின் வழியாகவும் நடந்துபோக, அங்கே தலை எண்ணுவதுதான் வாக்கெடுப்பு. ஆதரவு வாசல் பக்கம் ஒரு கூட்டம் போனது. அதன் கடைசியில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சர் லயனலும் போனார். எனக்குக் கண் தவறிவிட்டதோ என்று நினைத்தேன்.

எண்ணிக்கையை வாசித்தார்கள். ஆதரவு, சரியாக நூறு.

ஒருவர் குறைந்திருந்தாலும் எல்லாம் வீண். ஹெஸ்டர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. உடனே மசோதாமேல் இரண்டாவது வாக்கெடுப்பு. இந்தத் தடவை சர் லயனல் எதிர்ப்பு வாசலை நோக்கி நடந்தார். தன்னைத் தாண்டும்போது அவர் நின்றார் என்று ஹெஸ்டர் பிறகு சொன்னார்.

"பேச்ச நிறுத்தறதுக்கு ஓட்டுப் போட்டேன். மசோதாவுக்கு இல்ல. இப்ப எதிர்த்துதான் போடப்போறேன், மிசஸ் டாக்ரே."

"தெரியும், சர் லயனல். நல்லாப் போடுங்க."

எதிர்ப்புக்கு மொத்தம் பதினோரு பேர்தான் தேறினார்கள். மசோதா அங்கிருந்து குழுவுக்கும், மேல்சபைக்கும் போய், கோடைக்கு முன்னால் சட்டமாகிவிட்டது. பழைய டிராக்டர்களுக்குச் சட்டகம் பொருத்த இரண்டு வருடத் தவணை.

ஆமோஸும் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த பொதுத் தேர்தல் வந்தபோது தொகுதிக் குழு பெரும்பான்மையோடு ஹெஸ்டருக்குச் சீட்டு இல்லை என்றது. புது வேட்பாளர் ஒரு நில அளவையாளர், நல்ல மனிதர், கிடாவுக்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரிந்தவர். கூட்டம் முடிந்ததும் ஹெஸ்டர் என்னைப் பார்த்தார்.

"நான் சுயேச்சையா நிக்கப்போறேன், வில்ஃப். நீ கட்சிச் சம்பளக்காரன். உன்னக் கேக்க மாட்டேன்."

"கேக்காட்டி நானே வரணுமா?"

"வந்தா நல்லது. துண்டுப் பிரசுரம் மடிக்க ஆள் குறையுது."

நான் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, பிறகு அவளும் பிரசுரம் மடிக்க வந்துவிட்டாள்.

பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினோம். வாசலில் ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எங்க ஓட்டு கட்சிக்குத்தான்," என்றார்கள். ஹெஸ்டர் சண்டை போடவில்லை. அவர்கள் தோளுக்குப் பின்னால், சமையலறை இருட்டில் நிற்கும் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பண்ணையை விட்டு இறங்கும்போது, "இந்த வீட்ல ரெண்டு," என்றார்.

"வெளிய போங்கன்னு இல்ல சொன்னான் அந்த ஆளு?"

"அவன் சொன்னான். அவன் பொண்டாட்டியும் மாமியாரும் தலையாட்டினாங்க."

தேர்தலுக்கு முந்தின சந்தை நாளில் ஆமோஸின் மனைவி ஆக்னஸ், ஊர் முழுக்கப் பார்க்க, ஹெஸ்டரின் ஆதரவாளர்கள் அணியும் ரிப்பனைக் கோட்டில் குத்திக்கொண்டு கறிக்கடை வரிசையில் வந்து நின்றார். கறிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஆமோஸுக்குத் தெரியுமா, மிசஸ் டாக்ரே?"

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஈரல் அரை ராத்தல் போடுங்க."

முந்நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஹெஸ்டர் ஜெயித்தார். வாக்கு எண்ணிய மண்டபத்தில் ஆமோஸ் கை குலுக்க வந்தார். மனம் ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் வந்தார்.

"இதுல என் வீட்டு ஓட்டும் ஒண்ணு இருக்கும்."

"ரகசிய வாக்கெடுப்பு ஆமோஸ். நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"ஊருக்கே தெரிஞ்ச ரகசியம்!" என்று முணுமுணுத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். தவணை முடிவதற்கு ஒரு வாரம் முன்புவரை அவர் தன் டிராக்டரில் சட்டகம் பொருத்தவில்லை. பொருத்திய பிறகும் அது தேவை என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

எந்தக் கட்சியிலும் சேராதவர்களின் வரிசையில் தனியாக உட்கார்ந்து ஹெஸ்டர் இன்னும் ஐந்து வருடம் வேலை பார்த்தார். பிறகு தோற்றார். நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றார், அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. அதையெல்லாம் விட எனக்கு நினைவில் நிற்பது அவர் எம்.பி.யாக இருந்த கடைசிக் குளிர்காலத்தின் ஒரு சனிக்கிழமை.

சனிக்கிழமை காலையில் ஆர்ன்ஸ்பி நூலகத்தின் பக்கவாட்டு அறையில் தொகுதி மக்களின் குறை கேட்பார். அன்று மேல்பள்ளத்தாக்குக்காரர் ஐசக் ரெல்ஃப் வந்தார். மசோதாவுக்கு எதிராகக் கூட்டத்தில் அதிகம் கத்தியவர்களில் ஒருவர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உங்க சட்டத்தால ஒரு தொல்லை. கூண்டு வளைஞ்சுபோச்சு. சம்மட்டியால அடிச்சு நிமித்திக்கலாம்னு நான் சொல்றேன். கடைக்காரன், கூடாது, புதுசு மாத்து, அதுதான் சட்டம்ங்கறான். கொள்ளையில்லயா இது?"

"எப்படி வளைஞ்சுது?"

"செவ்வாக்கெழமை கீழ்ச்சரிவுல பனியில வழுக்கிச்சு. ரெண்டு குட்டிக்கரணம்."

நான் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன். ஹெஸ்டரின் கை மேசை விளிம்பில் அப்படியே நின்றது.

"நீங்க வண்டில இருந்தீங்களா, ஐசக்?"

"பின்ன வண்டி தானாவா ஓடும்? இருந்தேன். தோள்பட்டைல கொஞ்சம் ரத்தக்கட்டு. தேநீர்க் குடுவை உடஞ்சுபோச்சு." அவருக்குப் பொறுமை இல்லை. "நான் கேட்டது கூண்டப் பத்தி. அடிச்சு நிமித்தலாமா கூடாதா?"

ஹெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மறுபடி எங்களைப் பார்த்தபோது குரல் வழக்கம்போல் கணீரென்றிருந்தது.

"கூடாது. ஒரு தடவை வளைஞ்ச இரும்பு அடுத்த தடவை தாங்காது. புதுசுதான் மாத்தணும்."

"அடுத்த தடவையா? அடுத்த தடவை ஏன் கவுக்கறேன்? எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"தெரியும். மாத்திடுங்க. திங்கக்கெழமை கடைக்குப் போன் போட்டுக் கேப்பேன்."

ஐசக் ரெல்ஃப் அரசாங்கத்தையும் லண்டனையும் திட்டிக்கொண்டே வெளியே போனார். கதவைச் சாத்தாமல் போனார். படிக்கட்டில் ஒவ்வொரு படியாக அவர் பூட்ஸ் சத்தம் இறங்குவது கேட்டது. அது தெருவில் கலந்து மறையும்வரை ஹெஸ்டர் பேனாவைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்களக் கூப்பிடு, வில்ஃப்," என்றார்.